நாற்பத்தோராவது கை

கண்ணில் மூன்று துணி கட்டி, காதில் பஞ்சு அடைத்து, மூக்குக்குக் கீழே தலைவலித் தைலம் பூசி, திரையின் ஓட்டை வழியாக நீட்டப்பட்ட நாற்பத்தொரு கைகளை என் கட்டைவிரலால் மட்டும் தடவிப் பார்த்து, ஒவ்வொரு கையும் என்ன வேலை செய்து பிழைக்கிறது என்பதை ஒன்றுகூடத் தப்பாமல் கண்டுபிடித்தவன் நான். இடம் ஆம்பூர். நாள் போன வருஷத்து மே தினம். வேடிக்கை பார்த்தவர்கள் ஒரு லட்சம் பேர்.

ஒரு லட்சத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். சாமுவேலைக் கேட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு என்பார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார்.

சிக்கல் கூட்டத்தின் அளவில் இல்லை. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும், நான் நாற்பது கைகளைத்தான் சரியாகச் சொன்னேன், நாற்பத்தோராவது கையில் தோற்றேன் என்று எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வார்கள். நான் தோற்றதைக் கண்ணால் பார்த்தார்கள். என் வாயாலேயே கேட்டார்கள். அப்படியிருந்தும் நாற்பத்தொன்று என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் வேலாயுதம். முப்பத்தெட்டு வருஷம், தோல் பதனிடுகிற டேனரியில் தரம் பிரித்தவன். எங்கள் பேச்சில் அதற்கு செலக்‌ஷன் என்று பெயர். தோலை மேசையில் விரிப்பார்கள். நான் கட்டைவிரலை ஒரு ஓட்டம் விடுவேன். உண்ணி கடித்த இடம், முள் கீறின இடம், பட்டினி கிடந்த ஆடு, தின்று கொழுத்த ஆடு எல்லாம் விரலில் பேசும். அந்த ஆடு நாட்றம்பள்ளிப் பக்கம் யார் வேலியில் உரசியது என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறேன். வேலிக்காரர் இனிஷியல் மட்டும் சில சமயம் தப்பும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோலை உருட்டுகிற டிரம் சுற்றுகிற சத்தத்தில் டேனரிக்குள் பேச்சு எடுபடாது. ஒரு தோலில் சந்தேகம் வந்தால் அதை நகத்தால் இரண்டு தட்டு தட்டி ஓரமாக வைப்போம். ‘இதற்கு இப்போது தரம் போடாதே, தனியாக வை, அப்புறம் பேசிக்கொள்ளலாம்’ என்று அதற்கு அர்த்தம். எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளிலும் மெஷின் ஓடும்போது இதே பழக்கம்தான். தோல் தொழிலில் கை வைக்காதவர்களுக்கு இந்த இரண்டு தட்டு தெரியாது.

சாமுவேல் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். இருபது வருஷ தோஸ்த். சந்தேகம் அவருக்குச் சாப்பாடு மாதிரி. பால்காரர் தாமதமாக வந்தால் எங்கே தண்ணீர் கலந்துகொண்டிருந்தார் என்று கேட்பார். சீக்கிரம் வந்தால், கலந்த தண்ணீரை மறைக்கத்தானே இவ்வளவு அவசரம் என்பார். மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ரெனிட்டா. காட்பாடியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. கழுத்தில் அடையாள அட்டையோடு தினமும் காலை பஸ் ஏறுவாள். சாமுவேலின் அம்மா டேனரியில் ஈரத்தோல் சுமந்தவர். அந்தம்மா செத்த அன்று, இனி என் வீட்டுக் கை தோலைத் தொடாது என்று இவர் சபதம் செய்ததைத் தெருவில் எல்லோரும் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறோம்.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் குர்ஷித் பாய் டீக்கடையில் மே தின விழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அப்புறம் தெருக்காரர்களுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துவது வழக்கம். அதை நடத்துகிற சங்கத்துக்குச் செயலாளர் பிரேம்நாத்.

“ஸ்பூன்ல எலுமிச்சம்பழம், ஸ்லோ சைக்கிள், உறியடி. வருஷா வருஷம் இதேதான்,” என்றார் பிரேம்நாத். “போன தடவை உறியடியில பானை தப்பிச்சிட்டுது. மைக் செட்காரர் மண்டைக்குத்தான் தையல் போட்டோம். இந்தத் தடவை புதுசா எதனா வேணும்.”

“கண்ணைக் கட்டிக்கினு கையைத் தொட்டுப் பாத்து, அவங்க இன்னா வேலை செய்றாங்கன்னு சொல்றேன்,” என்றேன். “எத்தினி பேர் வேணா வரட்டும்.”

சாமுவேல் டம்ளரைக் கீழே வைத்தார். “எத்தினி பேருக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருக்க?”

“ஒருத்தருக்கும் இல்ல.”

“அப்ப பக்கத்துல நின்னு இருமி சிக்னல் குடுக்கறது யாரு?”

“யோவ், தோல்ல கை வெச்சா அதோட ஜாதகமே சொன்னவன் நானு.”

“தோலுக்கு வாய் இல்ல வேலு. நீ இன்னா சொன்னாலும் அது கம்முனு கேட்டுக்கும். மனுசன் அப்படி இல்ல, இல்லன்னு சொல்லிடுவான்.”

பேச்சு வளர்ந்து பந்தயமானது. ஒரே ஒரு கை தப்பினாலும், அடுத்த மே தினம் வரைக்கும் குர்ஷித் பாய் கடையில் நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது. டீ குடிக்க மட்டும் வாயைத் திறக்கலாம்.

“சார், அப்புறம் நான் ரேடியோவை ரிப்பேர் பண்ணணும்,” என்றார் குர்ஷித் பாய்.

“நான் ஜெயிச்சா?” என்றேன்.

“மேடையில ஏறி, மைக்ல, வேலாயுதம் சொன்னதெல்லாம் நடந்ததுன்னு சொல்றேன்.”

“அமிர்தி சிறுத்தையும் சேத்தியா?”

அமிர்திக் காட்டு ரோட்டில் ஒரு சிறுத்தை என்னை வழிமறித்ததும், நான் அதன் முதுகைத் தடவிப் பார்த்து, செகண்ட் கிரேடு என்று சொன்னதும், அது வெட்கப்பட்டுப் புதருக்குள் போய்விட்டதும் ஊரறிந்த விஷயம். ஊர் நம்பாத விஷயமும் அதுதான்.

சாமுவேல் கொஞ்சம் யோசித்தார். “சேத்தி,” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பந்தயம் விளையாட்டாகத் தெரியலாம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, ஒரு காது பாதிதான் கேட்கும். மாத்திரை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே உறுப்பு வாய்தான். அதைத்தான் பணயம் வைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் மனைவி தேவகி மட்டும்தான் சரியாகப் புரிந்துகொண்டாள். “தோத்துட்டா அங்க பேசாததையும் சேத்து இங்கதான பேசுவ,” என்றாள். “ஒழுங்கா ஜெயிச்சிட்டு வா.”

மே தினம் வந்தது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி மட்டும் நான் மிகைப்படுத்துவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் உண்மையே போதும். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஸ்லோ சைக்கிளில் நாலு பேர் விழுந்து எழுந்த பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

சாமுவேல் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார், செருப்பைக் கழற்றி உதறினார், என் போனை வாங்கி அணைத்தார். கண்ணுக்கு ஒரு துணி கட்டி, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நான் தற்செயலாக மூன்று என்றேன். அது சரியாகப் போய்விட்டது. உடனே இன்னும் இரண்டு துணி கட்டினார். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கிறேனோ என்று மூக்கடியில் தைலம். மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கிறேனோ என்று காதில் பஞ்சு. எனக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார். வருகிறவர்கள் வளையல், மோதிரம், கடிகாரம் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். பேசக்கூடாது. ஆட்களைக் கூட்டத்திலிருந்து பொறுக்கியது அவர். ஒவ்வொருவர் வேலையையும் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டதும் அவர்தான்.

முதல் கை வந்தது. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு. “பூ கட்டுற கை,” என்றேன். சாமுவேல் சீட்டைப் பிரிக்கிற சத்தம் பஞ்சையும் தாண்டிக் கேட்டது. கூட்டம் கை தட்டியது.

இரண்டாவது கை, ராத்திரி பூராவும் ஊறப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி இருந்தது. “ஒரு நாளைக்கு அறுபது தடவை கழுவுற கை. ஆஸ்பத்திரி நர்ஸ்.” அது எங்கள் தெரு எலியாஸ். ஆறாவது கையில் மணிக்கட்டு முடி கருகிச் சுருண்டிருந்தது. “தம் போடறதுக்குக் கரி வாரி வைக்கிற கை. பிரியாணி மாஸ்டர்.” ஒன்பதாவது கை வறண்டு கிடந்தது. “சாக்பீஸ். டீச்சர்,” என்றேன். “கணக்கு டீச்சர்.”

“கணக்குன்னு எப்படித் தெரியும்?” என்று சாமுவேல் என் காதுப் பஞ்சை இழுத்துக் கேட்டார்.

“விரல் நுனியே கோவமா இருக்குதே.”

ஷஹீன் பானு டீச்சர் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. பத்தாவது கைக்கு அப்புறம், மேடை ஓரம் வண்டி போட்டிருந்த குர்ஷித் பாய் டீ ஆற்றுகிற சத்தத்தில் சங்கேதம் இருக்கிறது என்று சாமுவேலுக்குச் சந்தேகம் வந்தது. பாயை வண்டியோடு தெருமுனைக்கு அனுப்பினார். பதினேழாவது கையில் மணிக்கட்டுக்குக் கீழே, மேசை விளிம்பில் உரசி உரசி ஒரு வழவழப்பு. “கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே தேயற கை,” என்றேன். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு பையன். அதுவும் சரி. இந்தப் பதினேழாவது கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதுக்கு அப்புறம் மைக் இரைச்சலில் சந்தேகம் வந்து அதை நிறுத்தினார். முப்பதுக்கு அப்புறம் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையை முதுகுப் பக்கம் நீட்டச் சொன்னார். முப்பத்தி மூன்றாவது கையைப் பிடித்து, “இது மைக் பிடிக்கிற கை, வேற ஒண்ணும் செஞ்சதா தெரியலை,” என்றேன். பிரேம்நாத் கையை உருவிக்கொண்டு போனார். சீட்டில் ‘சங்கச் செயலாளர்’ என்று இருந்தது. கூட்டம் ஒரு கோடியைத் தொட்டுவிட்டது.

நாற்பது முடிந்தது. சாமுவேல் பஞ்சை எடுத்துவிட்டு என் காதருகே குனிந்தார். குரல் மாறியிருந்தது. “வேலு, இந்தத் தெருவையே நீ வளைச்சுப் போட்டிருக்க. எப்படின்னு தெரியலை. உன்னால வளைக்க முடியாத ஆள் ஒண்ணு இருக்குது. அதைக் கூட்டியாறேன். அதான் கடைசி.”

பஞ்சைத் திரும்ப அடைத்துவிட்டுப் போனார். நான் காத்திருந்தேன். வியர்வை துணிக்குள் ஓடியது.

நாற்பத்தோராவது கை வந்தது. பெண் கை. சின்ன வயசு. கட்டைவிரலை வைத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமான கையையா கடைசிக்கு வைத்தார் என்று நினைத்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் ரேகை தேய்ந்திருந்தது. ஓடுகிற ஊசிக்கு அடியில் தோலைத் தள்ளிக் கொடுக்கிற விரல் அது. நகத்தோரம் ஊசி ஏறி ஆறின ஒரு புள்ளி. கட்டைவிரல் பக்கவாட்டில், பசை காய்ந்து உரித்து, மறுபடி காய்ந்து உரித்த சொரசொரப்பு. ஷூவின் மேல்பாகம் தைக்கிற கை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசத்துக்கு மேல் இருக்காது. ஆனால் நல்ல கை, அவசரப்படாத கை. இதையெல்லாம் எழுதத்தான் நேரமாகிறது. விரலுக்கு ஒரு நொடி போதும்.

வாயைத் திறந்தேன்.

அந்தக் கை, நகத்தால் என் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டியது.

வாயை மூடிக்கொண்டேன். கண் கட்டியிருக்கிறது, காது அடைத்திருக்கிறது, அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் நிற்பது யாராக இருந்தாலும், என் பாஷை தெரிந்தவள். இதற்கு இப்போது தரம் போடாதே என்கிறாள். ஏன்? சீட்டில் ஷூ தையல் என்றே எழுதியிருந்தால் அவளுக்கு என்ன பயம்? அப்படியென்றால் சீட்டில் வேறு ஏதோ இருக்கிறது. நான் தையல் என்று சொன்னால், சாமுவேல் தப்பு என்று கத்துவார். ஆனால் நாற்பது கைகளைப் பார்த்த கூட்டம் என்னைப் பார்க்காது. அவளைத்தான் திரும்பிப் பார்க்கும்.

வேறு எதையாவது உளறியிருக்கலாம். வீட்டு வேலை என்றோ, கடை வேலை என்றோ. அது என்னால் முடியவில்லை. கதையில் சிறுத்தையை என்ன வேண்டுமானாலும் செய்வேன். மேசைமேல் வந்த தோலுக்கு, விரலில் பட்டதை மாற்றி ஒரு நாளும் தரம் போட்டதில்லை. இரண்டு தட்டு விழுந்த தோலை ஓரமாக வைப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

டீக்கடை ஞாபகம் வந்தது. முந்நூற்று அறுபத்தைந்து நாள். காலையும் சாயங்காலமும்.

“தெரியலை,” என்றேன்.

சாமுவேல் பஞ்சை எடுத்தார். “இன்னா சொன்ன?”

“தெரியலைன்னேன். விட்டுட்டேன்.”

சீட்டைப் பிரித்து, மைக்கை மறுபடி போடச் சொல்லி, அதில் படித்தார். “கம்ப்யூட்டர் வேலை. என் பொண்ணு ரெனிட்டா.”

துணியை அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. சாமுவேலுக்குப் பக்கத்தில் ரெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை மற்றொரு கையால் மூடியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் அவள் என்னிடம் வந்தாள். என் வாய்க்குப் பூட்டு டீக்கடைக்குள் மட்டும்தான்.

“அங்கிள்,” என்று ஆரம்பித்தாள்.

“சேந்து நாலு மாசம் இருக்குமா? நகத்துல ஊசி ஏறினது மார்ச் நடுவுல,” என்றேன்.

அவள் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். காட்பாடிக் கம்பெனி டிசம்பரிலேயே மூடிவிட்டது. அப்பாவிடம் சொல்லப் பயம். சிநேகிதி அஃப்ஷாதான் கூட்டிக்கொண்டு போய் ஷூ கம்பெனியில் சேர்த்துவிட்டாள். தினமும் காட்பாடி பஸ்ஸில் ஏறி, இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறாள்.

“வேலை புடிச்சிருக்கு அங்கிள். அதான் கஷ்டம். புடிக்கலைன்னா விட்டுட்டு வந்திருப்பேன். அப்பாகிட்ட நானே சொல்றேன், கொஞ்சம் டைம் வேணும். உங்களால பேசாம இருக்க முடியுமா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். “முடியும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது,” என்றேன்.

பேசாமல் இருந்தேன். தேவகியிடம்கூடச் சொல்லவில்லை. டீக்கடையில் மழையைப் பற்றி, பாலாற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றி, எலெக்‌ஷனைப் பற்றித் தப்புத் தப்பாகப் பேசினார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷத்தில் மட்டும் என் நாக்கு ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டது. அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் சாமுவேல் சந்தோஷமாக இருந்தார். அப்புறம் அவர் வியாதி திரும்பி வந்தது. ஜூன் மாசம் ஒரு நாள் என் எதிரே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

“பதினேழாவது கை கம்ப்யூட்டர் கை. அதைக் கரெக்டா சொன்ன,” என்றார். “நாப்பத்தி ஒண்ணும் கம்ப்யூட்டர் கை. அது மட்டும் எப்படித் தெரியாம போகும்?”

நான் டீயைக் குடித்தேன்.

“பதில் சொல்லேன்யா.”

“சார், நீங்கதான அவர் வாயைக் கட்டினீங்க,” என்றார் குர்ஷித் பாய்.

“அதுவே சந்தேகமா இருக்குது பாய். இவன் வேணும்னே தோத்திருக்கான். எதுக்குன்னு தெரியலை.”

அன்றிலிருந்து அவர் பேஜார் பிடித்தவர் மாதிரி ஆனார். கையைத் தொட்டு வேலையைச் சொல்வது மோசடி என்று நிரூபிக்க, ஊரில் எல்லோருக்கும் கை கொடுக்க ஆரம்பித்தார். கண்டக்டர், தபால்காரர், சலூன்காரர், ஷூ கம்பெனி விட்டு வருகிற பெண்கள், வழியில் நின்ற போலீஸ்காரர். கை கொடுத்துவிட்டு விரலை விடாமல் தடவிப் பார்ப்பார். ஒரு அம்மா செருப்பைக் கழற்றினார்கள் என்று கேள்வி. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவார். இந்தக் கை இப்படி, அந்தக் கை அப்படி. எல்லாக் கையும் ஒன்றுதான் என்று நிரூபிக்கப் போனவருக்கு ஒன்றுகூட இன்னொன்று மாதிரி அமையவில்லை. ஷூ கம்பெனிக்காரர்களிடம் பேசிப் பேசி அந்த இரண்டு தட்டு வரைக்கும் கற்றுக்கொண்டார். தைமாசத்துக்குள் பத்துக்கு ஏழு கையைச் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று குர்ஷித் பாய் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு கையை மட்டும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. அது வீட்டுக் கை. தினம் சோறு போடுகிற கையை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்த வருஷம் ஈஸ்டர் காலை ஆராதனையில், பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் வந்தது. ரெனிட்டா அப்பா பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். பழக்க தோஷத்தில் சாமுவேலின் கட்டைவிரல் அவள் விரல் நுனியில் ஓடியது.

அங்கே என்ன நடந்தது என்று இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். சாமுவேல் அவள் உள்ளங்கையில் நகத்தால் இரண்டு தட்டு தட்டினாராம். வீட்டுக்குப் போகிற வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அவள் தைத்த ஷூ ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சாமுவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம் பிழை தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தேடினார். அப்புறம் தோசை சுடச் சொன்னார்.

இந்த வருஷ மே தினத்துக்கு அதே மேடை, அதே வெயில். என் தண்டனை முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் குர்ஷித் பாய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மைதானத்தில் பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டி. ஷூ கம்பெனி அணியில், கயிற்றின் கடைசியில், அஃப்ஷாவுக்குப் பின்னால் ரெனிட்டா இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தெருவில் பாதிப் பேர் அவளையே பார்த்தார்கள். இழுத்து முடித்ததும் சாமுவேல் மேடையில் ஏறி, பிரேம்நாத்திடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“போன வருஷம் நாப்பத்தோராவது கை என் பொண்ணு கை,” என்றார். “சீட்டுல கம்ப்யூட்டர் வேலைன்னு எழுதினது நான். அது தப்பு. அவ ஷூ தைக்கிறா. பதினாறு மாசமா தைக்கிறா, நல்லா தைக்கிறா. எனக்குத்தான் தெரியலை.”

கூட்டம் திரும்பி மைதானத்தைப் பார்த்தது. ரெனிட்டா உள்ளங்கையில் ஒட்டின கயிற்று நாரைத் தட்டிக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை கையை மூடவில்லை.

“வேலாயுதத்துக்கு மட்டும் தெரியும்னு இன்னா சார் சாட்சி? தெரியலைன்னுதான சொன்னாரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. அவ ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே, மார்ச் நடுவுல ஊசி ஏறிச்சின்னு இவன் சொல்லியிருக்கான். அவ எங்கிட்டச் சொன்னதை நான் அப்படியே நம்பலை. கம்பெனிக்குப் போய், மருந்து கட்டின ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பாத்தேன். மார்ச் பதினாறு. இடது கை ஆள்காட்டி விரல். அவ கையெழுத்து.” சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சளான சீட்டை எடுத்தார். போன வருஷத்துச் சீட்டு. அதில் ஒன்றை அடித்து இன்னொன்றை எழுதியிருந்தது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. “தெரிஞ்சும் தெரியலைன்னு சொல்லிட்டு, ஒரு வருஷம் வாயை மூடிக்கினு இருந்திருக்கான். இவன். வாயை மூடிக்கினு. அதைத்தான் என்னால நம்பவே முடியலை.”

“அப்ப அமிர்தி சிறுத்தை?” என்று குர்ஷித் பாய் வண்டிக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“அது பொய்,” என்றார் சாமுவேல். மைக்கை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார். “நாப்பத்தொரு கையும் கரெக்ட். நான் பக்கத்துலயே நின்னேன். அது நடந்துச்சு.”